ஐசியூ செவிலியருக்குத் தனிப் பயிற்சி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

எந்த மருத்துவமனையைக் கேட்டாலும் எத்தனை ஐசியூ படுக்கை, எத்தனை வென்டிலேட்டர் என்று கணக்குச் சொல்கிறார்கள். அந்தப் படுக்கை அருகே இரவு முழுக்க நிற்கும் செவிலியருக்கு என்ன பயிற்சி கொடுத்தார்கள் என்று சொல்வதில்லை.

என் அம்மா பதினொரு நாள் வென்டிலேட்டரில் இருந்தார். ஒருநாள் பார்வை நேரத்தில் நான் நிற்கும்போதே அலாரம் அடித்தது. அங்கிருந்த இளம் செவிலியர் பொது வார்டிலிருந்து மாறி வந்து நான்கே நாள் ஆகியிருந்தது. பதற்றத்தில் சத்தத்தை நிறுத்திவிட்டு மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆக்சிஜன் அளவு 96-இலிருந்து 84-க்கு இறங்கிவிட்டது. அடுத்த படுக்கையிலிருந்து மூத்த செவிலியர் ஓடி வந்தார். வந்தவர் முதலில் பார்த்தது அம்மாவின் நெஞ்சை. ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார், மூச்சுக்காகப் போட்டிருந்த குழாய்க்குள் சளியை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் விட்டார். கெட்டிச் சளி வந்தது, அளவும் மெல்ல ஏறியது. அப்புறம் அந்த இளம்பெண் மருந்து டிராலி பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. வார்டில் அவர் நல்ல செவிலியராகவே இருந்திருப்பார். இந்த வேலையைத்தான் யாரும் பக்கத்தில் நின்று சொல்லித் தரவில்லை.

இது பார்த்துப் பார்த்துப் பழக வேண்டிய வேலை. சக்ஷனை 15 விநாடிக்குள் முடிக்க வேண்டும். நுரையீரலில் தொற்று வராமலிருக்கத் தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வைக்க வேண்டும். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நார்அட்ரீனலின் என்ற மருந்து உடலில் சில நிமிடம்தான் நிற்கும். பம்பில் சிரிஞ்ச் தீருமுன் அடுத்தது தயாராக இல்லாவிட்டால் அழுத்தம் சரிந்துவிடும். நள்ளிரவில் குழாயைப் பிடுங்கும் நோயாளி அடம் பிடிக்கிறாரா, மனக்குழப்பத்தில் இருக்கிறாரா என்றும் புரிய வேண்டும்.

1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மருத்துவ மாணவர்கள் முறைபோட்டுப் படுக்கையருகே உட்கார்ந்து, மணிக்கணக்கில் கையால் காற்றுப் பையை அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். ஐசியூ என்ற ஏற்பாடே, அப்படிப் படுக்கையருகே ஆள் இருந்த அந்த இடத்திலிருந்துதான் வளர்ந்தது.

மருத்துவமனை நிர்வாகங்களுக்குச் சொல்வது இதுதான்: புதிய செவிலியரிடம் தனிப் பொறுப்பில் ஒரு நோயாளியை ஒப்படைக்குமுன் மூன்று மாதமாவது அனுபவமுள்ள செவிலியரோடு வேலை பார்க்க விடுங்கள். அந்த மாதங்களுக்கு முழுச் சம்பளம் கொடுங்கள். வென்டிலேட்டர் அலாரத்தைப் பொம்மை நோயாளியை வைத்துப் பழக்குங்கள். அப்படித் தேறி வந்தவரை ஆள் பற்றாக்குறை என்று வேறு வார்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு புதியவரை நிறுத்தாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்