மழை எங்க தெருவுல, ஃப்ளைட்டு மதுரையில

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ஐப்பசி பொறந்தாலே எங்களுக்கு பக்குனு இருக்கும். 2024 நவம்பர் 20 மறக்குற நாளா, ராமேஸ்வரத்துல மட்டும் 41 சென்டிமீட்டர் கொட்டித் தீத்துருச்சு, தங்கச்சிமடத்துல எங்க வீட்டுக்குள்ளயே தண்ணி. அன்னைக்கு ராத்திரிதான் எம் மகனுக்கு மதுரையிலருந்து ஃப்ளைட்டு, சென்னை போயி அங்கருந்து துபாய். மதுரை இங்கருந்து ஏறக்குறைய 160 கிலோமீட்டர், வாடகைக்கு சொல்லி வச்ச கார்க்காரரு வண்டிக்குள்ள தண்ணி ஏறிருச்சுன்னு கைய விரிச்சுட்டாரு, அப்பறம் ஒரு மீன் வண்டியில பெட்டிய ஏத்தி மண்டபம் ஊருக்கு வந்து, வண்டி மாத்தி வண்டி மாத்தி போயி சேந்தா கவுன்டர சாத்தி அரை மணி நேரம் ஆயிருச்சு. ஃப்ளைட்டு கேன்சல் இல்லையே சார், நீங்கதான வரலைன்னு நோ ஷோ போட்டுட்டாங்க. (பெட்டியில மீன் வாடை இன்னும் போகல, அது வேற.)

டிக்கெட் போட்ட ஏஜென்ட்டோ நான்-ரீஃபண்டபிள், ஒத்த ரூவா வராதுன்னாரு. நாங்களும் நம்பிட்டோம். பெறகுதான் தெரியுது, நோ ஷோ ஆனாலும், ஆஃபர் டிக்கெட்டா இருந்தாலும், டிக்கெட்டுல புடிச்ச வரி, யூடிஎஃப் மாதிரி ஏர்போர்ட் கட்டணமெல்லாம் திருப்பித் தரணும்னு டிஜிசிஏ, அதான் விமானத்துறைய கண்காணிக்கிற மத்திய அரசு அமைப்பு, அதோட விதியே இருக்கு. ஏஜென்ட்கிட்ட போட்டாலும் ரீஃபண்டுக்கு பொறுப்பு ஏர்லைன்ஸ்தான்.

பத்து நாள் கழிச்சு ஃபெஞ்சல் புயல்ல சென்னை ஏர்போர்ட்டையே மூடுனாங்க. அந்த மாதிரி ஏர்லைன்ஸே கேன்சல் பண்ணுனா முழு பணமா, வேற ஃப்ளைட்டாங்கிறத பயணிதான் முடிவு பண்ணலாம். நஷ்டஈடு மட்டும் கெடையாது, மழைக்கு அவங்க என்ன பண்ணுவாங்க, நியாயந்தான். ஆனா ரன்வேயில புயல் அடிச்சா இயற்கை, எங்க ரோட்டுல அடிச்சா எம் மகன் குத்தமா?

காத்து கூடுனா மீன்துறையில படகு கடலுக்குப் போக டோக்கன் குடுக்க மாட்டாங்க, பாம்பன் பாலத்துல ரயில நிப்பாட்டிருவாங்க, அவங்கல்லாம் எங்க ஊரு வானிலைய பாக்குறாங்கல்ல, ஏர்லைன்ஸும் பாக்கட்டும். வானிலை மையம் மாவட்டம் மாவட்டமாத்தான ரெட் அலெர்ட் விடுது, அந்த மாவட்டத்து முகவரி காட்டுனா ஒரே ஒரு தடவ தேதிய கட்டணமில்லாம மாத்திக் குடுங்கன்னுதான் கேக்குறோம், ஓசியில பறக்க கேக்கல.

வரிப் பணத்துக்கு ஏர்சேவாங்கிற மத்திய அரசோட விமானப் பயணிகள் புகார் தளத்துல இப்பத்தான் புகார் பதிஞ்சிருக்கோம். நோ ஷோன்னு விட்டவங்க நம்ம பக்கம் நெறைய பேரு இருப்பாங்க, பழைய டிக்கெட்ட தூக்கிப் போட்றாதீங்க.

ஒரு வாசகர்,
தங்கச்சிமடம்