விரல் மறக்கவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

"இந்த வயதில் எதற்கப்பா சிரமம், பாங்க் வேலையை நான் இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன்" என்று நேற்று போனில் சொன்னாய். அக்கறையில் சொன்னாய், தெரியும். ஆனால் கம்ப்யூட்டரைக் காதால் கேட்டு இயக்க நான் கற்றுக்கொள்ள வேண்டும்.

கண் நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமாவில் போன பார்வை திரும்பாது என்று எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மிச்சமிருப்பது நடுவில் சிறு வட்டம்தான். மவுஸ் அம்பைத் தேடியே கண் களைத்துவிடுகிறது. என்விடிஏ மென்பொருளுக்கு மவுஸ் தேவையில்லை. விசையை அழுத்தினால் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும். 2006இல் அதைத் தொடங்கிய ஆஸ்திரேலியர் மைக்கேல் கரனும் பார்வையற்றவர். இலவசமாகவே கிடைக்கிறது.

முதல் நாள் விசைப்பலகையில் கை வைத்தேன். எஃப், ஜே விசைகளில் இருக்கும் சின்ன மேடு விரலில் பட்டது. அவ்வளவுதான், தண்டையார்பேட்டை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் 1978இல் பழகிய 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' தானாக ஓடியது. துறைமுகத்துக் கிளியரிங் ஆபீஸில் முப்பது வருஷம் ஷிப்பிங் பில் அடித்த விரல்களாயிற்றே! எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, பாப்பா.

தடுமாற்றம் காதில்தான். சொல்லிக்கொடுக்கும் தம்பி பிறவியிலேயே பார்வையில்லாதவர். அவர் வைத்துக் கேட்கும் வேகத்தில் அந்தக் குரல் எனக்கு முறத்தில் அரிசி கொட்டுவதுபோல் இருக்கிறது. வயதானால் கீச்சொலிகள்தான் முதலில் மங்குமாம். 'ஸ்' எது, 'ஃப்' எது என்று பிரிவதில்லை. வேகத்தில் பாதிக்கு மேல் குறைத்துவிட்டேன். எம்.சி. ரோட்டில் ஆரன் சத்தம் அடங்கிய பிறகுதான் பழகுகிறேன். இளவயதில் இரண்டு முறையில் பிடிபட்டது இப்போது இருபது முறை பழக வேண்டியிருக்கிறது. இருக்கட்டும், செய்கிறேன். புள்ளிகளைத் தொட்டுப் படிக்கும் பிரெய்ல் மட்டும் கைகூடவில்லை. சர்க்கரையில் விரல்நுனி மரத்து, ஆறு புள்ளியும் ஒரே புள்ளியாகத் தெரிகிறது.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். "மேலே நீலமாக இருக்கிறதே, அதை அழுத்துங்கள்" என்று சொல்லாதே. "டேப் விசை மூன்று முறை, பிறகு என்டர்" என்று சொல். சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறு. போன தடவை வந்தபோது என் கையிலிருந்து போனை வாங்கி, அரை நிமிஷத்தில் நீயே முடித்துவிட்டாய். எனக்கு அன்றெல்லாம் சாப்பாடு இறங்கவில்லை.

இந்தக் கடிதத்தை நானே அடித்தேன், மூன்று இரவுகளில். இந்த முறை கரண்ட் பில்லையும் நானே கட்டப்போகிறேன். ரசீதை அனுப்புகிறேன், தொகை சரியா என்று மட்டும் பார்த்துச் சொல்.

உன் அப்பா
பழைய வண்ணாரப்பேட்டை