மூன்று கொட்டாங்குச்சி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்காரும்போதெல்லாம் மகள் ஒரு கணக்கோடு வந்து நின்றுவிடுகிறாள். ஒன்பதாம் வகுப்புக்காரி, கணித ஒலிம்பியாட் போட்டி எழுதுகிறேன் என்று கிளம்பியிருக்கிறாள். செப்டம்பரில் முதல் கட்டமான ஐஓக்யூஎம் எழுதினாள். மூன்று மணி நேரம், 30 கேள்வி. விடை எல்லாமே 00 முதல் 99-க்குள் ஒரு எண்தான். அவ்வளவுதானா என்று நானும் வினாத்தாளோடு உட்கார்ந்தேன். ஆறாவது கேள்வியில் காபி ஆறிப்போகிறது என்று எழுந்துவிட்டேன். அவள் அடுத்த கட்டமான ஆர்எம்ஓவுக்குத் தேறவில்லை. ஒரு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாள், அப்புறம் சரியாகிவிட்டாள்.

போன மாதம் ஒன்று கேட்டாள். எந்த ஐந்து முழு எண்களை எழுதினாலும், அதில் ஏதோ மூன்றைக் கூட்டினால் 3-ஆல் வகுபடும், ஏன்? நான் எண்களைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். வகுபட்டுக்கொண்டே இருந்தது, ஏன் என்றுதான் பிடிபடவில்லை. அவள் இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு அலைந்தாள். மூன்றாம் நாள் கொல்லையில் மூன்று கொட்டாங்குச்சியை வரிசையாக வைத்தாள். 3-ஆல் வகுத்தால் வரும் மீதி 0, 1, 2, ஆளுக்கொரு கொட்டாங்குச்சி. எண்களுக்குப் பதில் ஐந்து புளியங்கொட்டை. மூன்றிலும் கொட்டை விழுந்தால் ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்று எடு, மீதிகளின் கூட்டல் 3. ஏதாவது ஒன்று காலி என்றால் ஐந்தும் மற்ற இரண்டில்தானே கிடக்க வேண்டும்? அப்போது ஒன்றிலாவது மூன்று இருக்கும், அந்த மூன்றை எடு. மூன்றுக்கும் ஒரே மீதி, அதனால் கூட்டல் 3-ஆல் வகுபடும்.

நமக்கு யாராவது ஒரு கணக்கை இரண்டு நாள் வைத்துக்கொள்ள விட்டார்களா மாப்பிள்ளை? போர்டில் போட்டதைப் பார்த்து எழுதினோம். நீ சென்டம், நான் 97. அந்த மூன்று மதிப்பெண்ணுக்கு அப்பாவிடம் வாங்கியது உனக்கு நினைவிருக்கும்.

சர்வதேச ஒலிம்பியாட் போட்டியில் ஒரு நாளைக்கு நான்கரை மணி நேரம், மூன்றே கணக்கு. 1988-இல் ஆஸ்திரேலியாவில் நடந்தபோது ஆறாவது கணக்கில், பின்னாளில் பெரிய கணித மேதையான டெரன்ஸ் டாவோவுக்கு ஏழுக்கு ஒரு மதிப்பெண்தானாம். அப்படியும் 13 வயதில் தங்கம் வாங்கினார். ஆர்எம்ஓ போனதற்கு நான் ஆறுதல் சொல்லப் போனபோது அவள் எனக்குச் சொன்ன கதை இது!

இப்போது நான்காவது கொட்டாங்குச்சி வந்துவிட்டது. நான்கு எண்களின் கூட்டல் 4-ஆல் வகுபட வேண்டுமென்றால் ஏழு எண் போதும் என்கிறாள். ஆறு ஏன் போதாது என்பதை மட்டும் நானே கண்டுபிடித்தேன்: மூன்று 0, மூன்று 1 எழுதிப் பார். ஏழு ஏன் போதும் என்பதற்கு இன்னும் கொல்லையில்தான் உட்கார்ந்திருக்கிறோம். பொங்கலுக்கு வரும்போது நீயும் வந்து உட்கார்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்