பத்தாவது நிமிடத்தில் நிறுத்தாதே, ராஜி

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. பெர்த்தில் குளிர் தொடங்கிவிட்டது, கை விரல் மரத்துப் போகிறது என்று எழுதியிருந்தாய். கடுகு எண்ணெய் கொஞ்சம் சூடாக்கித் தேய்த்துப் பார். இங்கே சிங்கப்பூரில், நம் ஈசூனில் வழக்கம்போல் மூன்று மணிக்கு மழை, நாலு மணிக்கு வெயில். என் முழங்கால் பரவாயில்லை. கவிதாவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. இனி அவள் பாடு அவள் கையில்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மகன் சொன்னான் என்று ‘சூப்பர் டீலக்ஸ்’ போட்டுப் பத்தாவது நிமிடத்தில் அணைத்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். “இந்த வயசில் நமக்கு எதுக்குடி இந்த மாதிரிப் படமெல்லாம்?” என்றும் கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுத என்னால் முடியவில்லை. இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நீ எங்கே அணைத்திருப்பாய் என்று தெரியும். கல்யாணமான பெண் பழைய காதலனை வீட்டுக்குக் கூப்பிடுகிறாள், அவன் கட்டிலிலேயே செத்துப் போகிறான். எனக்கும் அந்த இடத்தில் கை ரிமோட்டுக்குப் போனது. கவிதா பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் போகட்டும்மா என்றாள். அப்புறம்தான் ராசுக்குட்டி வந்தான். ஏழு வருஷம் கழித்து அப்பா வீட்டுக்கு வரப்போகிறார் என்று அந்தப் பிள்ளை காத்திருக்கிறான். காரிலிருந்து இறங்குவது பெண்ணாக மாறி, புடவை கட்டிய ஷில்பா. சொந்தக்காரர்கள் எல்லாரும் வாயடைத்து நிற்கிறார்கள். அந்தப் பிள்ளை மட்டும் முகம் சுளிக்கவில்லை ராஜி. அவனுக்கு அது அப்பா, அவ்வளவுதான். விஜய் சேதுபதிக்கு அந்த ஷில்பா வேஷத்துக்குத் தேசிய விருது கொடுத்தார்கள். ஆனால் எனக்கு மனசில் நிற்பது அந்தப் பையன்தான். படத்துக்கு இந்தியாவில் ‘ஏ’ சான்றிதழ். ராசுக்குட்டியின் வயசுப் பிள்ளை தியேட்டரில் உட்கார்ந்து ராசுக்குட்டியைப் பார்க்க முடியாது. அந்தப் படத்தில் மற்ற காட்சிகளும் இருக்கின்றன, சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பது சரிதான், அதில் எனக்கு வாதம் இல்லை. ஆனால் பெரியவர்களுக்கு என்று ஒதுக்கி வைத்ததைப் பெரியவர்களாகிய நாமும் பார்க்க மாட்டோம் என்றால், அந்தப் படத்தை யாருக்காக எடுத்தார்கள்?

நமக்கு இந்தப் பயம் எங்கே தொடங்கியது என்று யோசித்துப் பார்த்தேன். 1991 நினைவிருக்கிறதா? ஜூலையில் இங்கே முதல்முறையாகப் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று தனிப் பிரிவு கொண்டுவந்தார்கள். உடனே மலிவான படங்கள் வரிசையாக வந்து இறங்கின. ஊரில் ஒரே முணுமுணுப்பு. இரண்டே மாதத்தில் அந்த வயதை இருபத்தொன்றாக்கிவிட்டார்கள். அப்போது உனக்கும் எனக்கும் இருபத்திரண்டு. பீப்பிள்ஸ் பார்க்கில் துணி எடுத்துவிட்டு யாங்சி தியேட்டர் பக்கமாக நடந்தோம். போஸ்டரைப் பார்த்ததும் நீ என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடினாய், வளையல் உடைந்தது. யாராவது தமிழாள் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் நம் கவலை. ‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்றால் அந்த மாதிரிப் படம் என்று அன்றைக்கு மனசில் பதிந்தது. யாங்சியை 2016இல் மூடினார்கள், பிறகு அது இருந்த பேர்ல்ஸ் சென்டரையே இடித்தாயிற்று. அந்தப் போஸ்டர் மட்டும் உன் மனசில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். என் மனசிலும் ரொம்ப காலம் இருந்தது.

பதினெட்டு வயதிலிருந்து எம்18, இருபத்தொன்றிலிருந்து ஆர்21 என்ற இப்போதைய பிரிவுகள் 2004இல் வந்தவை. ஆங் லீயின் ‘லஸ்ட், காஷன்’ 2007இல் வெனிஸ் படவிழாவில் முதல் பரிசான தங்கச் சிங்கம் வாங்கியது. இங்கே அதை முதலில் வெட்டி, பதினாறு வயதிலிருந்து பார்க்கலாம் என்ற என்சி16 ஆக்கி வெளியிட்டார்கள். ரசிகர்கள் விடவில்லை. கடைசியில் வெட்டாத பிரதி ஆர்21 ஆக வந்தது. ஒரே படம், இரண்டு நீளம். உளவு பார்க்கப் போகும் பெண் எதற்காக எதிரித் தரப்பு ஆளை நெருங்குகிறாள், கடைசியில் ஏன் தடுமாறுகிறாள் என்பதற்கு அந்தக் காட்சிகள்தான் காரணம். அதை எடுத்துவிட்டால் கதை நொண்டும். அதே சமயம், உடம்பைக் காட்டுவதற்காகவே காட்டும் படங்களும் உண்டு, அவற்றை நானும் அணைத்துவிடுவேன். இரண்டுக்கும் ஒரே முத்திரை விழுகிறது என்பதுதான் சங்கடம்.

நம் தமிழ்ப் படங்களின் கதை இன்னும் பெரிது. முதன்முதலில் ‘ஏ’ வாங்கிய தமிழ்ப் படம் எது தெரியுமா? எம்ஜிஆர் நடித்த ‘மர்மயோகி’, 1951இல். காரணம் பேய்! நம் அம்மாக்கள் எல்லாம் விழுந்து விழுந்து பார்த்த படம். ‘ஆரண்ய காண்ட’த்துக்குத் தணிக்கைக் குழு 52 வெட்டு சொன்னது. மேல்முறையீட்டுக்குப் போய்த்தான் அந்தப் படம் பிழைத்தது. பிறகு இரண்டு தேசிய விருது. ‘தரமணி’க்கு ‘ஏ’ கொடுத்தபோது இயக்குநர் ராம் அதை மறைக்கவில்லை. ஆண் குடித்தால் ஒரு சான்றிதழ், பெண் குடித்தால் வேறு சான்றிதழா என்று போஸ்டரிலேயே கேட்டார். அவர் கேட்டது நியாயம். இன்னொரு பக்கம், தலை உருளும் படங்களுக்கு, பெற்றோர் துணையோடு பிள்ளைகளும் பார்க்கலாம் என்ற ‘யு/ஏ’ போட்டுவிட்டால் இந்தியாவில் கைக்குழந்தையோடு போகிறார்கள். அதே மாதிரிப் படத்துக்கு இங்கே என்சி16 போட்டால் பிள்ளையைக் கூட்டிவந்தவர்கள் கவுண்டரில் சண்டை பிடிக்கிறார்கள். இந்த விஷயத்தில் நான் இங்கே தரம் பிரிப்பவர்கள் பக்கம்தான். ரத்தத்தைப் பார்த்துப் பிள்ளை பழகக் கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் என் மனசு இன்னும் இரண்டாகத்தான் இருக்கிறது. 2012இல் ‘செக்ஸ்.வயலன்ஸ்.ஃபேமிலி வேல்யூஸ்’ என்ற உள்ளூர்ப் படத்துக்கு முதலில் எம்18 கொடுத்தார்கள். இந்தியர்களை இழிவாகப் பேசும் வசனங்கள் இருக்கின்றன என்று புகார் வந்ததும், அக்டோபரில் அனுமதியையே திரும்பப் பெற்றார்கள். 2013 ஜனவரியில் சில வெட்டுகளோடு ஆர்21 ஆக அனுமதித்தார்கள். அப்போது நாம் இரண்டு பேரும் போனில் ஒரு மணி நேரம் கொதித்தோமே, படத்தைப் பார்க்காமலேயே. பேருந்தில் நம் பக்கத்து இருக்கையை விட்டு எழுந்து போனவர்களை நாம் பார்த்தவர்கள், அந்த வலி பொய் இல்லை. இனவெறியைக் காட்டத்தான் அந்த வசனம் என்று இயக்குநர் தரப்பில் சொன்னதும் காதில் விழுந்தது. இன்றைக்குக் கேட்டால் தடை செய்ய வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

இதையெல்லாம் சுற்றிச் சுற்றி எழுதுகிறேன். உண்மையில் எழுத வந்தது வேறு.

போன மாதம் ஒரு சனிக்கிழமை கவிதா ‘எ யெல்லோ பேர்ட்’ போட்டுக் காட்டினாள். நம் ஊர் கே. ராஜகோபால் எடுத்த படம், 2016இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்துக்குப் போனது. சிவா என்ற தமிழன் பொருள் கடத்திய குற்றத்துக்குச் சிறை போய்த் திரும்பி வருகிறான். ‘பாண்டிட் குயின்’ சீமா பிஸ்வாஸ்தான் அம்மா. வீட்டில் அவனுக்கு இடம் இல்லை. மனைவியையும் மகளையும் தேடி அலைகிறான். சீனர் சாவு வீட்டு வாத்தியக் குழுவில் வேலை செய்கிறான். பாலியல் தொழில் செய்யும் ஒரு சீனப் பெண்ணோடு பழக்கம் ஏற்படுகிறது. நீ முகத்தைத் திருப்பிக்கொள்ளும் காட்சிகள் அதில் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆனால் எனக்கு மூச்சு முட்டியது அங்கே இல்லை. அம்மா அவனிடம் பேசாமல் இருக்கும் இடத்தில்.

தம்பி சேகரை நினைத்துக்கொண்டேன். உனக்கு மட்டும்தான் முழுக்கத் தெரியும். 1998இல் அவன் சிறையிலிருந்து வெளியே வந்த அன்றைக்கு நான்தான் போய்க் கூட்டிவந்தேன். அவன் கட்டிலை அதற்குள் யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தோம். அம்மா சமையலறை வாசலில் பாய் விரித்து வைத்திருந்தார். தோசை சுட்டார், இரண்டு சட்னி அரைத்தார், குறை ஒன்றும் வைக்கவில்லை. அவன் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தபோது, அம்மா அலமாரிச் சாவியைக் கதவிலிருந்து உருவி இடுப்பில் செருகிக்கொண்டார். அவன் பார்த்தான். அவன் பார்த்ததை நான் பார்த்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தோசை ஆறிப்போனது. மூன்றாவது வாரம் எல்லை தாண்டி மலேசியாவில் ஜோகூருக்குப் போனவன்தான். சிறையிலிருந்து வந்தவர்களை ஏற்றுக்கொள்ளச் சொல்லும் மஞ்சள் ரிப்பன் திட்டமெல்லாம் வந்தது 2004இல். அப்போது முதலாளிமார்களிடம், இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று ஊரே பேசியது. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு நடக்கவே இல்லை.

படம் முடிந்ததும் கவிதா, “ஏம்மா அழறீங்க?” என்றாள். அவளுக்கு மாமா என்றால் தீபாவளிக்குப் போன் பண்ணும் ஒரு குரல், அவ்வளவுதான். அன்று ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து சொன்னேன். சாவியைப் பற்றியும் சொன்னேன். இருபத்தாறு வயசில் அவளுக்கு இதைத் தாங்க முடிகிறது. அம்மாவைக் குறை சொல்லாமல் கேட்டாள், அதுதான் எனக்குப் பெரிது. பாட்டிக்குப் பயமா இருந்திருக்கும்மா என்றாள்.

தரம் பிரிப்பவர்கள் எழுத்துக்குக் கீழே ஒரு வரி போடுவார்கள், பாலியல் காட்சிகள், முதிர்ச்சியான கருப்பொருள் என்று. அந்த முதிர்ச்சி என்ற சொல்லை நான் இப்போதுதான் சரியாகப் படிக்கிறேன். நமக்குக் கட்டில் காட்சிதான் கண்ணில் பட்டது. பெற்ற பிள்ளையிடமிருந்து சாவியை ஒளிக்கிற தாயைப் பார்க்க எத்தனை வயசு ஆக வேண்டும் ராஜி? எனக்கு ஐம்பதுக்கு மேல் ஆகியது.

மறுநாள் சேகருக்குப் போன் செய்தேன், தீபாவளி இல்லாத ஒரு நாளில். பதறிப்போய் யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டான். ஒன்றும் இல்லை, சும்மாதான் என்றேன். மோட்டார் சைக்கிள் காப்புறுதி ஏறிவிட்டது, கடல் பாலத்தில் நெரிசல் என்று பத்து நிமிடம் பேசினான். படத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அதனால் உன் கேள்விக்கு என் பதில்: மறுபடியும் போடு. கட்டில் காட்சியில் எழுந்து போய்க் காப்பி கலக்கிக்கொண்டு வா, ராசுக்குட்டி வரும்போது உட்கார்ந்திரு. மகனோடு சேர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தால் தனியாகப் பார். பார்த்துவிட்டுத் திட்டி எழுதினாலும் சரி.

இன்னொரு உதவி. சேகர் உள்ளே போன பிறகு அம்மா வீட்டிலிருந்த அவன் படங்களையெல்லாம் எடுத்துவிட்டார், எங்கே வைத்தார் என்று கடைசிவரை சொல்லவில்லை. உன் கல்யாணக் காரை ஓட்டியது அவன்தான். பெருமாள் கோயில் வாசலில் காரில் சாய்ந்துகொண்டு, பட்டு வேட்டி கட்டி, மல்லிகைச் சரத்தைக் கையில் சுற்றிக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு படம் உன் ஆல்பத்தில் இருக்கும். அதைப் போனில் எடுத்து அனுப்புகிறாயா? கவிதா கேட்கிறாள்.

அன்புடன்,
மல்லிகா