வெஸ்லி ஜக்கு

அன்புள்ள மகளுக்கு,

வெஸ்லியின் முகம் பதித்த அந்த ஜக்கு என்ன விலை போகும் என்று போன கிழமை கேட்டாய். விலையை நான் விசாரிக்கவில்லை. அது உன் வீட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம். அதனால் அதன் கதையை எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயர் பக்கம் பர்ஸ்லெம் என்றொரு குயவர் ஊர். மெதடிஸ்த என்ற கிறிஸ்தவ இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1760இல் அங்கே பிரசங்கம் செய்தபோது ஒருவன் மண்கட்டியால் எறிந்தான். தலையில் பட்டது. தானும் குழம்பவில்லை, கூட்டமும் குழம்பவில்லை என்று நாட்குறிப்பில் எழுதினார் மனிதர். பிறகும் அந்த ஊருக்குப் போனார். 1781இல் அங்கேயே ஈனோக் வுட் என்ற இளம் குயவருக்கு முன்னால் அமர்ந்து, தன் உருவத்தைக் களிமண்ணில் வடிக்க விட்டார். மண்ணால் எறிந்த ஊர் மண்ணாலேயே அவர் முகத்தைச் செய்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

1791இல், 87 வயதில், அவர் இறந்தார். அதன்பின் அவர் முகம் போட்ட ஜக்கும் தட்டும் கோப்பையும் சாதாரண சனங்களின் வீடுகளுக்குப் போயின.

கைபிடிக்குப் பக்கத்தில் விளிம்புக் கோலத்தைப் பார். இரண்டு ஓரமும் பொருந்தாமல் நிற்கும். செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தை மெல்லிய தாளில் அச்செடுத்து, ஈரத்தோடு பாத்திரத்தில் ஒட்டித் தேய்ப்பார்கள். பிறகு தாளைக் கழுவிவிட்டால் மை மட்டும் தங்கும். அந்த வேலை பெரும்பாலும் பெண்களுடையது. பெயர் தெரியாத ஒருத்தி அவசரத்தில் விட்ட இடைவெளி அது. எனக்கு வெஸ்லியின் முகத்தைவிட அந்த இடம்தான் பிடிக்கும். யாரும் திருத்தித் தருகிறேன் என்றால் விடாதே.

அம்மம்மா படித்த யாழ்ப்பாணத்து வேம்படிப் பள்ளிக்கூடமும் மெதடிஸ்த மிஷன் தொடங்கியதுதான். வெஸ்லியின் ஆட்கள் 1814இல் இலங்கையில் கரையிறங்காவிட்டால் அவ எழுத்துப் படித்திருப்பாவோ தெரியாது. நீ சைவ சமயத்திலேயே இரு. ஆனால் இந்த நன்றிக்கடன் எங்கள் வீட்டுக்கு உண்டு.

கைபிடியில் பிடித்துத் தூக்காதே, இரண்டு கையாலும் அடியைத் தாங்கித் தூக்கு. பளபளப்பில் மயிரிழை வெடிப்புகள் ஓடுகின்றன. அதனால் பாலோ தேத்தண்ணியோ ஊற்றாதே, கறை உள்ளே இறங்கிவிடும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் ஒருநாளும் போடாதே. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பெரியம்மா ரொறன்ரோ வரும்போது கைப்பையிலேயே கொண்டுவருவா. விமான நிலையத்துக்கு நீயே போய் வாங்கு.

அன்புடன்,
அப்பா