அம்பாய் படங்களைப் பார்த்தேன்

சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள பாப்பா,

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் நீ எடுத்த படங்களைத் தம்பி டிவியில் போட்டுக் காட்டினான். அந்த வெயிலுக்குத் தண்ணீர் எவ்வளவு எடுத்துப் போனாய் என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வி. எனக்குக் கேள்விகள் வேறு. ஸ்டுடியோவை மூடினாலும் படத்தைக் கண்டால் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

அம்பாய் ஊரின் ராய்ஸ் மோட்டல் பெயர்ப்பலகை, 1959இல் வைத்தது, அழகுதான். ஆனால் அந்த வழியாகப் போகிற எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். பக்கத்தில் வரிசையாக நிற்கும் சின்ன வெள்ளை அறைகளை எடுத்திருக்கிறாயே, அதில்தான் வெகுநேரம் நின்றேன். 1973இல் வடக்கே ஐ-40 நெடுஞ்சாலை திறந்ததும் வண்டிகள் அந்தப் பக்கம் போய்விட்டன, ஊர் காலியாகிவிட்டது. உன் படங்களில் கட்டிடம் இருக்கிறது, சாலை இல்லை. ஓர் ஈ காக்காய்கூட இல்லாத அந்த ஊர் வழியே போகும் பழைய 66ஆம் எண் சாலையும் படத்தின் சட்டத்துக்குள் வந்தால்தானே, அறைகள் ஏன் காலி என்று பார்க்கிறவனுக்குப் புரியும்? ரயில் பாதையையும் சேர்த்துக்கொள். அம்பாய், பிரிஸ்டல், காடிஸ், டான்பி என்று ரயில்காரர்கள் ஆங்கில எழுத்து வரிசையிலேயே பெயர் வைத்த நிறுத்தங்கள் அவை. அதே வரிசையில் கோஃப்ஸ் வரை எடுத்துக்கொண்டே போனால் நல்ல தொடராக வரும்.

நம் ஊரில் நாற்கரச் சாலைக்காகப் புளியமரங்களை வெட்டினார்களே, நினைவிருக்கிறதா? மரத்தடி டீக்கடைகளும் கூடவே போயின. மரம் நிற்கும்போதே சிலதை எடுத்து வைத்தேன், ஒரு சுமைதாங்கிக் கல்லோடு சேர்த்து. கடைக்கு வந்தவர்கள் கோட்டைப் படம்தான் கேட்டார்கள். நெகட்டிவெல்லாம் பீரோவில் இருக்கிறது, வந்தால் ஸ்கேன் செய்து கொடு.

அப்புறம், வெளிச்சம். உன் மணல் எல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. தண்ணீர் இல்லாத பாலாற்றிலும் இதே கதைதான்: வெள்ளை மணலைப் பார்த்து, வெளிச்சத்தை அளக்கும் கேமரா மீட்டர் ஏமாந்து, வெளிச்சத்தைக் குறைத்துவிடும். ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இரண்டு மடங்காகும்படி, கூட்டி வை. காற்றடிக்கும்போது வெட்டவெளியில் லென்ஸ் மாற்றாதே, சென்சாரில் தூசி உட்கார்ந்தால் பிறகு வானம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும். பாழடைந்த வீட்டுக்குள் பலகைத் தரையில் கால் வைக்காதே. அங்கே கைவிட்ட சுரங்கக் குழிகள் உண்டு என்று தம்பி சொன்னான். அதன் விளிம்புக்குப் போய்ப் படம் எடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம். கட்டுவிரியன் ஊர்க்காரி நீ, பாம்பைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

படத்துக்கு இடமும் தேதியும் எழுதுகிறாயா? கோப்புப் பெயராக வெறும் எண்தான் இருக்கிறது. யாரிடமாவது பேசியிருந்தால் அவர் சொன்னதையும் இரண்டு வரி எழுதி வை.

பொங்கலுக்கு வரும்போது ஆற்காடு போகலாம். கிளைவ் 1751இல் முற்றுகையில் இருந்த கோட்டையில் இப்போது டெல்லி கேட் மட்டும்தான் மிச்சம், பாலாற்றங்கரையில். காலை ஆறரைக்குள் அங்கே இருக்க வேண்டும், எழுந்துகொள்வாயா என்று இப்போதே சொல். ட்ரைபாடு இங்கேயே இருக்கிறது, தூக்கி வராதே.

இப்படிக்கு,
அப்பா