முயலுக்கான தோட்டா: முரளிக்கு ஒரு கடிதம்

ஹாமில்டன், நியூசிலாந்து,
ஜூலை 14

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. அம்மாவின் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கும் நிம்மதி. ஊருக்குப் பேசும்போது நாங்கள் விசாரித்ததாகச் சொல். இங்கே மழை விட்டபாடில்லை, மேய்ச்சல் நிலமெல்லாம் சேறு. உங்கள் ஒட்டாகோ பக்கம் உறைபனி கொட்டுவதாக எழுதியிருந்தாய். அந்தக் குளிருக்கும் நீ கேட்ட கேள்விக்கும் தொடர்பு இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

சிஇசட் 457 துப்பாக்கி வாங்கியது நல்ல முடிவு. அலெக்ஸாண்ட்ரா சுற்றுவட்டார முயல்களுக்குப் பாயின்ட் டூ டூ (0.22 அங்குலக் குழல்), கையால் போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் போதும். "எந்தத் தோட்டா நல்லது?" என்று கேட்டிருந்தாய். உன் குழலுக்கு எது நல்லது என்பதை உன் குழல்தான் சொல்லும். அடுத்தடுத்த சீரியல் நம்பர் போட்ட இரண்டு துப்பாக்கிகள்கூட வேறுவேறு தோட்டாவை விரும்பும். விலை கூடியதுதான் நன்றாகச் சுடும் என்றும் இல்லை.

ஏன் இப்படி என்றால், ஒரு தோட்டாவைக் கையில் எடுத்துப் பார். ஈயக் குண்டும் பித்தளைக் கூடும் ஒரே பருமன். குண்டின் பின்பகுதி மட்டும் சற்று ஒடுங்கிக் கூட்டுக்குள் செருகியிருக்கும். குண்டின் மேலேயே மெழுகோ பிசுக்கோ பூசியிருக்கும், விரலில் ஒட்டும். தீப்பிடிக்கும் ரசாயனம் அடிவிளிம்பின் மடிப்புக்குள் சுற்றிலும் பரவியிருக்கும். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கினால்தான் வெடிக்கும். விளிம்பின் தடிமன், ரசாயனம் பரவியிருக்கும் விதம், துளியூண்டு வெடிமருந்தின் அளவு, குண்டைப் பிடித்திருக்கும் இறுக்கம் என்று ஒவ்வொன்றிலும் வரும் சிறு வேறுபாடு இலக்கில் தெரிந்துவிடும். பெரிய குழல் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் போல வீட்டில் மருந்து அளந்து தோட்டா கட்டிக்கொள்ளவும் இதில் வழியில்லை. தேடிப் பிடிப்பதுதான் ஒரே வழி.

தேடுவதற்கு முன் துப்பாக்கியைச் சரிபார். மரக்கட்டையோடு குழலைப் பிணைக்கும் திருகாணிகள், ஸ்கோப் வளையத்துத் திருகாணிகள், இரண்டும் இறுக்கமாக இருக்கின்றனவா? தோட்டாவின் மேல் போடும் பழியில் பாதி இங்கேதான் இருக்கும். ஸ்கோப்பின் பாரலாக்ஸ் 100 கெஜத்துக்கு வைத்ததாக இருந்தால், 50 மீட்டரில் கண் சற்று நகர்ந்தாலே குறியும் நகரும். இப்படி விளிம்பில் வெடிக்கும் ரிம்ஃபயர் துப்பாக்கிக்கென்று 50 கெஜத்துக்கு வைத்ததோ, திருகி மாற்றக்கூடியதோ வேண்டும்.

இனி தோட்டா. உன் வேலைக்குச் சுமார் 40 கிரெயின் எடையில், ஒலியைவிட மெதுவாகப் போகும் சப்சானிக் ஹாலோ பாயிண்ட்டில் (முனையில் குழி வைத்த குண்டில்) தொடங்கு. சிசிஐ சப்சானிக், இலே சப்சானிக் ஹாலோ, 42 கிரெயின் வின்செஸ்டர் 42 மேக்ஸ், ஆர்டபிள்யூஎஸ் சப்சானிக் என்று நாலைந்து வகை, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு 50 தோட்டாப் பெட்டி. கூடவே ஒப்பிட்டுப் பார்க்க எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ் ஒரு பெட்டி. அது உருண்டை முனை, வேட்டைக்கு வேண்டாம். ஆனால் குழல் எவ்வளவு நன்றாகச் சுடக்கூடியது என்பதை அது காட்டிவிடும். வேகமானதும் பார்க்க ஆசையிருந்தால் சிசிஐ மினி மேக் ஒரு பெட்டி எடு. அதே கம்பெனியின் ஸ்டிங்கரில் கூடு வழக்கத்தைவிட நீளம். உன்னுடையது மேட்ச் சேம்பர் (தோட்டா உட்காரும் அறையைப் போட்டிக்கென்று இறுக்கமாகக் குடைந்தது) வைத்த மாடல் என்றால் அதைப் போடவே போடாதே. 60 கிரெயின் குண்டையும் விட்டுவிடு. உன் குழலின் புரி (குண்டைச் சுழற்றும் உள்வரிப்பள்ளம்) 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அந்தச் சுழற்சி நீளமான குண்டுக்குப் போதாது, இலக்குத்தாளில் குண்டு பக்கவாட்டில் விழுந்த ஓட்டை தெரியும்.

சோதனையைக் காற்று எழும்பாத காலையில் வை. குழலைப் பின்பக்கமிருந்து ஒரு முறை சுத்தம் செய். முன்பக்கமிருந்து கம்பி விட்டால் குழல்வாயின் ஓரம் தேயும். பிறகு ஒவ்வொரு வகையிலும் முதல் 15 தோட்டாவைக் கணக்கில் சேர்க்காமல் சுடு. பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஒவ்வொரு கம்பெனியின் மெழுகும் வேறு. பழைய மெழுகு போய்ப் புதிய மெழுகு குழல் முழுக்கப் படியும்வரை குண்டுகள் சிதறும். வகை மாற்றிய உடனே ஐந்து சுட்டுப் பார்த்து "இது சரியில்லை" என்று ஒதுக்கினால், முந்தைய தோட்டாவின் மெழுகைத்தான் சோதித்திருக்கிறாய் என்று அர்த்தம். மெழுகுக் குண்டுகளை முதலில் முடி, செம்புப் பூச்சு உள்ளதைக் கடைசியில் வை.

அதன்பின் 50 மீட்டரில் ஐந்து ஐந்தாக ஐந்து குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட ஓட்டைகளின் கூட்டம்). ஓட்டைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை அளந்து 5.6 மில்லிமீட்டர் கழித்தால் மையத்திலிருந்து மையம் கிடைக்கும். ஐந்தின் சராசரியையும், அதோடு மிக மோசமான குரூப்பையும் எழுதி வை. நாலு ஒன்றாக விழுந்து ஒன்று விலகினால் அந்த ஒன்றை "என் தப்பு" என்று நீக்காதே; முயலின் முன்னால் அந்த ஒன்றுதான் வரும். ஓட்டைகள் மேலும் கீழுமாக நீண்டால் தோட்டாவின் வேகம் சீராக இல்லை. விநாடிக்கு 60 அடி வேறுபாடே 50 மீட்டரில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறக்கிவிடும். பக்கவாட்டில் நீண்டால் முதலில் காற்றைச் சந்தேகி. குச்சியில் கட்டிய ரிப்பன் துண்டு போதும், பார்த்துக்கொண்டே சுடலாம். மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காற்று 50 மீட்டரில் இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்குத் தள்ளும். வேகமான தோட்டாவைக் காற்று குறைவாகத் தள்ளும் என்று நினைக்கத் தோன்றும். ஒலியின் வேகத்தைத் தாண்டிப் போகும்போது காற்றின் தடை கூடுவதால், உண்மையில் அதைத்தான் அதிகம் தள்ளும்.

முயலின் மூளைப்பகுதி ஏறக்குறைய 25 மில்லிமீட்டர். மோசமான குரூப்பும் அதற்குள் அடங்குகிற தோட்டாவை மட்டும் வைத்துக்கொள். காயம்பட்ட முயல் வளைக்குள் போய்ச் சாவது பெரிய கொடுமை, அதைத் தவிர்க்கத்தான் இவ்வளவு பாடும்.

தேறிய இரண்டு வகையைப் பத்துப் பத்தாக இன்னொரு நாள் சுடு. ஜெயித்தது எதுவோ, அந்தப் பெட்டியின் மடிப்பில் அச்சிட்டிருக்கும் லாட் நம்பரை (ஒரே தடவையில் தயாரித்த தொகுதியின் எண்) குறித்துக்கொண்டு அன்றைக்கே கடைக்குப் போ. லைசன்ஸைக் காட்டி அதே லாட்டில் 500 இருக்கும் பிரிக் ஒன்றிரண்டு வாங்கு. அதே பெயர், அதே பெட்டி, வேறு லாட் என்றால் சோதனையை மறுபடி முதலிலிருந்து செய்யவேண்டும்.

இப்போது குளிர் விஷயம். 20 டிகிரியில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1,125 அடி. மைனஸ் 5 டிகிரியில் அது 1,077 அடிக்கு இறங்கிவிடும். 1,070 என்று பெட்டியில் போட்டிருக்கும் தோட்டாவில் சில அதைத் தாண்டிப் போய், உன் காலைக் குளிரில் 'டப்' என்று வெடியோசை எழுப்பும். சைலன்சர் மாட்டியிருந்தாலும் அந்த ஓசை குறையாது, ஏனென்றால் அது குண்டு காற்றைக் கிழிக்கும் சத்தம். அதனால் உனக்கு 1,050 அடியைச் சுற்றியுள்ளது நல்லது. போல்ட்டுக்குள் கெட்டிக் கிரீஸ் இருந்தால் குளிரில் ஊசியின் அடி தளர்ந்து தோட்டா வெடிக்காது. கிரீஸைத் துடைத்துவிட்டு லேசான எண்ணெய் ஒரு சொட்டு விடு. வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே இழுக்காதே. துப்பாக்கி வாயைப் பாதுகாப்பான பக்கம் வைத்து 30 விநாடி பொறு. வழக்கத்தைவிடச் சன்னமான சத்தம் கேட்டால் நிறுத்தி, தோட்டாவை எடுத்துவிட்டு, குண்டு குழலில் சிக்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்தது.

வேட்டையில் முதல் குண்டுதான் முக்கியம், அது குளிர்ந்த குழலிலிருந்து போகிறது. ஆகவே ஐந்து நாள் காலையில், நாளுக்கு ஒன்றே ஒன்று, ஒரே தாளில் சுட்டு வை. முதல் குண்டு எங்கே விழும் என்று தெரிந்துவிடும். 50 மீட்டருக்குக் குறி வைத்தால் இந்தத் தோட்டா 75 மீட்டரில் சுமார் 8 சென்டிமீட்டரும், 100 மீட்டரில் சுமார் 22 சென்டிமீட்டரும் தாழும். தாளில் சுட்டுப் பார்த்து உன் எண்ணை எழுதிக்கொள். 60 மீட்டருக்கு மேல் தூரத்தை ஊகிப்பதில் பத்து மீட்டர் தவறினாலே முயல் தப்பும் அல்லது காயப்படும்.

ஹாலோ பாயிண்ட் விரிகிறதா என்பதையும் பார்த்துவிடு. தண்ணீர் நிறைத்த பிளாஸ்டிக் பாட்டில்களை வரிசையாக வைத்து, பின்னால் மண்மேடு இருக்கிற இடத்தில் 50 மீட்டரிலிருந்து சுட்டு, குண்டைத் தேடி எடு. வேகமான தோட்டாவுக்காக வார்த்த சில முனைகள் மெதுவாகப் போனால் விரியாது, உருண்டை முனை போலவே துளைத்துப் போய்விடும். உங்கள் பாறை நிலத்தில் அப்படித் துளைத்துப் போகும் குண்டு தெறித்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது. இந்தச் சின்னக் குண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும் என்பதால், பின்னால் மண் தெரியாத முயலை விட்டுவிடு.

ஒரு 500 சுட்ட பிறகு குரூப் மெல்லப் பெருகினால் தோட்டாவை மாற்ற ஓடாதே. சேம்பர் முடிந்து புரி தொடங்கும் இடத்தில் கரி வளையமாகக் கெட்டிப்பட்டிருக்கும். கரி கரைக்கும் திரவத்தை அங்கே பத்து நிமிஷம் ஊறவிட்டு நைலான் பிரஷ்ஷால் எடு. மறுபடி 15 தோட்டா சுட்டால் பழைய நிலைக்கு வரும்.

இலக்குத்தாள்களைப் போட்டோ எடுத்து அனுப்பு. ஒவ்வொன்றின் ஓரத்திலும் வகை, லாட் நம்பர், வெப்பநிலை மூன்றையும் எழுதி வை. நீ எந்தச் சேம்பர் மாடல் வாங்கினாய் என்பதையும் மறக்காமல் எழுது. அதைப் பார்த்துத்தான் மேட்ச் தோட்டா பற்றி மேற்கொண்டு சொல்ல முடியும். குழந்தைகளுக்கு எங்கள் அன்பு.

அன்புடன்,
சேகர்